சிரித்தால் மகிழ்ச்சி, புருவம் நெரித்தால் கோபம்: முகம் பார்த்து மதிப்பெண் இடும் நேர்காணல் பயிற்சி மென்பொருள்

எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவுக்காகச் சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், மாணவர்கள் கேமரா முன் அமர்ந்து நேர்காணல் பழகுவதற்கான மென்பொருள் ஒன்றுக்கு ஓராண்டுச் சந்தா கட்டினோம். இறுதியாண்டு மாணவர்கள் அனைவரும் அதைப் பயன்படுத்தினார்கள். அவர்களுடைய அறிக்கைகளில் பெரும்பாலானவற்றை நானே உட்கார்ந்து படித்தேன். சந்தாவைப் புதுப்பிக்கலாமா என்று முதல்வர் எழுத்துமூலம் கருத்துக் கேட்டபோது எழுதத் தொடங்கிய குறிப்புதான் இந்த மதிப்புரையாக நீண்டுவிட்டது. நான் வணிகவியல் ஆசிரியன். பிளேஸ்மென்ட் பொறுப்பு என்னிடம் கூடுதலாக ஒப்படைக்கப்பட்டது. எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் காவிரிக் கரைக் கிராமங்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது காரணமாகிறது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இதே வகையில் சந்தையில் இருக்கும் பல மென்பொருள்களுக்கும் பொருந்தக்கூடிய குறையைத்தான் சொல்லப்போகிறேன். வாங்க நினைக்கும் பிற கல்லூரிகள் பெயரைவிட வகையைக் கவனிப்பது பயன் தரும்.

மென்பொருள் செய்யும் வேலை எளிது. மாணவர் லேப்டாப் முன் உட்கார்ந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். அரை நிமிடம் யோசிக்க அவகாசம், இரண்டு நிமிடம் பதில் சொல்ல அவகாசம். ஐந்து கேள்விகள் முடிந்தவுடன் அறிக்கை தயாராகிவிடும். அறிக்கையில் பேச்சின் வேகம், இடையில் விழுந்த மௌனங்கள், தேவையில்லாமல் திரும்பத் திரும்ப வந்த சொற்கள், கண் தொடர்பு, முகபாவனை என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி 100க்கு ஒரு மதிப்பெண்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்து திரும்பப் பார்க்கும் வசதி ஒன்றுக்காகவே இந்த மென்பொருளை வாங்கலாம். தன் குரலை வெளியிலிருந்து கேட்டே பழகாத மாணவன் ஒருவன், தான் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'ஆக்சுவலி' என்று தொடங்குவதை முதல் முறையாகத் தானே கேட்டபோது, வகுப்பில் மூன்று ஆண்டுகளாக நாங்கள் சொல்லியும் நடக்காத திருத்தம் ஒரே வாரத்தில் நடந்தது. பேச்சின் வேகத்தை அது கணக்கிடும் விதமும் நம்பத்தக்கதாகவே இருந்தது. நிறுத்துக் கடிகாரம் வைத்து நானே சில பதிவுகளைச் சரிபார்த்தேன். இணைய வேகம் குறைந்தபோதும் பதிவு அறுபடவில்லை. சிற்றூர்க் கல்லூரிக்கு இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் எல்லாம் முகபாவனை என்ற அந்த ஒரு கட்டத்தில்தான். மென்பொருளை விற்க வந்தவர் அரை மணி நேரம் பேசியதும் அதைப் பற்றித்தான். விலையில் பெரும்பகுதியும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். மாணவரின் முகத்தைத் தொடர்ந்து கவனித்து, மகிழ்ச்சி, சோகம், கோபம், அச்சம், வியப்பு, அருவருப்பு, நடுநிலை என்ற ஏழில் எது எவ்வளவு என்று நொடிக்கு நொடி வரைபடம் போட்டுக் காட்டும். மகிழ்ச்சிக் கோடு உயர்ந்தால் 'நேர்மறை ஆளுமை'. கோபமோ அச்சமோ உயர்ந்தால் மதிப்பெண் குறையும்.

முதல் வாரத்திலேயே ஒரு மாணவி அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வகுப்பில் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவள். மொத்த மதிப்பெண் 41 என்று போட்டு, 'கோபம் மிகுதி. எதிரில் இருப்பவருடன் இணக்கம் குறைவு' என்று குறிப்பும் இருந்தது. "சார், எனக்குக் கோபமே வரல சார். தேய்மானத்துக்கு இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சேன், அவ்வளவுதான்" என்றாள். பதிவை ஓடவிட்டுப் பார்த்தோம். கோபக் கோடு உயர்ந்த இடங்களில் எல்லாம் அவள் ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாள். இரு புருவங்களும் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் இரண்டு கோடுகள் விழுகின்றன. உதடுகள் லேசாக இறுகுகின்றன. ஒன்றரை நொடி கழித்துச் சொல் கிடைத்துவிடுகிறது, புருவம் தளர்ந்துவிடுகிறது. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசும் எவருடைய முகத்திலும் ஓடுகிற உழைப்பு அது. பொட்டுக்கு மேலே விழுந்த அந்த இரண்டு கோடுகளுக்காக அவளுக்குப் 'பயிற்சி தேவை' என்ற சிவப்பு முத்திரை கிடைத்திருந்தது.

இந்தத் தவறு ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்ள, மென்பொருளின் உள்ளே இரண்டு தனித்தனி வேலைகள் நடப்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் வேலை, முகத்தில் எந்தத் தசை எவ்வளவு அசைந்தது என்று கண்டுபிடிப்பது. இதற்கு ஒரு மரபு இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் பால் எக்மன், வாலஸ் ஃப்ரீசனுடன் சேர்ந்து 1978இல் வெளியிட்ட முகச் செயல் குறியீட்டு முறை, முகத்தின் ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் கொடுத்தது. புருவம் கீழிறங்கி நெருங்கினால் 4. கன்னம் மேலெழுந்து கண்ணோரம் சுருங்கினால் 6. உதட்டோரம் மேலே இழுபட்டால் 12. இந்த முறை அசைவை மட்டுமே விவரிக்கிறது. இன்ன அசைவு என்றால் இன்ன உணர்வு என்று அந்த எண்களுக்குள் எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. இரண்டாவது வேலைதான் அசைவுக்கு உணர்வின் பெயரைச் சூட்டுவது. 4 என்றால் கோபம், 6உம் 12உம் சேர்ந்தால் மகிழ்ச்சி. நாங்கள் வாங்கிய மென்பொருள் முதல் வேலையை ஏறத்தாழச் சரியாகச் செய்கிறது. அந்த மாணவியின் புருவம் நெரிந்தது உண்மைதான். இரண்டாவது வேலையில்தான் கோட்டை விடுகிறது.

அந்த இரண்டாவது வேலைக்கும் எக்மனே மூலவர். 1960களின் பிற்பகுதியில் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வாழும் ஃபோரே மக்களிடம் அவர் சென்றார். சிறு சிறு கதைகளைச் சொல்லி, அந்தக் கதைக்குப் பொருந்தும் முகம் எது என்று சில புகைப்படங்களிலிருந்து எடுக்கச் சொன்னார். வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாக இருந்த அந்த மக்களும் அமெரிக்கர்கள் எடுத்த படத்தையே பெரும்பாலும் எடுத்ததால், ஆறு அடிப்படை உணர்வுகளும் அவற்றுக்குரிய முகங்களும் மனித இனம் முழுமைக்கும் பொது என்ற கொள்கை பாடநூல்களில் ஏறியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் இந்த மென்பொருள்களின் ஏழு கட்டங்களில் அதே ஆறு பெயர்கள்தான் இருக்கின்றன. நடுநிலை ஒன்றுதான் கூடியிருக்கிறது.

பெயர் சூட்டும் பயிற்சியை மென்பொருள் எங்கிருந்து பெறுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. எங்கள் விற்பனையாளர் தம் தரவைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் அதிகம் புழங்கும் பொதுத் தரவுத்தொகுப்புகளில் ஒன்று எஃப்இஆர் 2013. அதில் 35,887 படங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 48க்கு 48 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் துண்டு. உணர்வுப் பெயர்களைக் கொண்ட சொற்களைக் கூகுள் படத் தேடலில் இட்டுத் திரட்டியவை அவை. கோபம் என்று தேடினால் எப்படிப்பட்ட முகம் கிடைக்கும் என்பதை யாரும் ஊகிக்கலாம்: கேமராவுக்காகப் பல்லைக் கடித்து முறைக்கும் முகம். அந்தத் தொகுப்பில் உள்ள முகங்களை மனிதர்களிடம் காட்டியபோது அவர்களே ஏறத்தாழ 65 விழுக்காடுதான் பொருந்தச் சொன்னார்கள். இப்படிப்பட்ட பாடப்புத்தகத்தைப் படித்து வளர்ந்த மாணவன் எங்கள் மாணவிக்கு மார்க் போடுகிறான் என்றால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது. சிவப்பு முத்திரையைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது.

இன்னொரு பதிவு இதைவிட என்னைச் சங்கடப்படுத்தியது. 'இரண்டாவது செமஸ்டரில் ஏன் அரியர்?' என்ற கேள்விக்கு ஒரு மாணவன் பதில் சொல்கிறான். அந்த நான்கு மாதமும் அப்பா மருத்துவமனையில் இருந்தார், தான்தான் கூட இருந்தான் என்கிறான். சொல்லும்போது தலை தாழ்கிறது, கழுத்து ஒரு பக்கம் சாய்கிறது, முகம் முழுக்கச் சிரிப்பு. நம் ஊரில் இந்தச் சிரிப்பைத் தெரியாதவர் இல்லை. அசடு வழிதல் என்போம். கேட்பவர் முன் தன் துயரத்தை எடுத்துவைக்க நேர்ந்த கூச்சத்தை மூடிக்கொள்ளும் சிரிப்பு என்று நீட்டியும் சொல்லலாம். ஆசிரியர் திட்டும்போது பையன் சிரித்து, 'என்னடா சிரிப்பு' என்று இன்னும் இரண்டு அடி வாங்குவதும் இதே சிரிப்பால்தான். மென்பொருள் அந்த இரண்டு நிமிடத்துக்கு 'மகிழ்ச்சி: மிக உயர்வு, தன்னம்பிக்கை: மிக நன்று' என்று போட்டிருந்தது. அந்த ஆண்டு அவன் வாங்கியதிலேயே அதிகமான மதிப்பெண் அந்தப் பதிலுக்குத்தான்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே, மனத்தின் உணர்வு உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வராமல் போகாது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. சிரிப்பாகிய நகை வேறு, மகிழ்ச்சியாகிய உவகை வேறு என்று இரண்டையும் தனித்தனியே வைத்திருப்பதுதான் நமக்கு இங்கே முக்கியம். நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கையும், உவகை பிறக்கும் இடங்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்ற நான்கையும் தனியே அடுக்குகிறது. சிரிக்கும் வாய்க்கும் மகிழும் மனத்துக்கும் ஒரே பெயர் போதும் என்று அந்த நூல் கருதவில்லை. பழம்பெருமை பேசுவதற்காக இதை இழுக்கவில்லை. இலக்கியத்துக்காகச் செய்யப்பட்ட பகுப்பு அது, உளவியல் ஆய்வு அல்ல. ஆனாலும் மென்பொருளின் ஏழு கட்டங்களை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எங்கள் மாணவர்களின் முகத்தில் அதிகம் வந்துபோகும் கூச்சத்துக்கும், இளிவரல் என்ற இழிவுணர்வுக்கும், பெருமிதத்துக்கும் அதில் கட்டமே இல்லை என்பது புலப்பட்டது. கட்டம் இல்லாத உணர்வு இருக்கிற கட்டம் ஏதாவது ஒன்றில்தான் போய் விழும்.

மறுபக்க நியாயத்தையும் சோதித்துப் பார்த்தேன். பரதநாட்டியம் முறையாகப் பயின்ற சக ஆசிரியர் ஒருவரைக் கேமரா முன் உட்காரவைத்து, ஒன்பது சுவைகளையும் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னோம். வியப்பு, அருவருப்பு, அச்சம், சோகம் எல்லாவற்றையும் மென்பொருள் பளிச்சென்று பிடித்துக்கொண்டது. வீரத்தைக் கோபம் என்றது. சாந்தத்தை நடுநிலை என்றது. சிருங்காரத்தை மகிழ்ச்சி என்றது. மொத்தத்தில் தேர்ச்சி என்றே சொல்ல வேண்டும். அவர் நாற்காலியிலிருந்து எழும்போது, ஒன்றைச் சரியாகக் காட்டவில்லை என்ற எண்ணத்தில் நம் வழக்கப்படி நாக்கைக் கடித்துக்கொண்டார். அதை அருவருப்பு என்று எழுதிவைத்தது. எனக்கு அன்று கிடைத்த விடை இதுதான்: இது நடிப்பை நன்றாகப் படிக்கிறது, நடிக்காத முகத்தில்தான் தடுமாறுகிறது.

இப்படி நடித்துக் காட்டும் உணர்வுகளைப் பற்றி ஓர் ஆய்வே உண்டு. அஹல்யா ஹெஜ்மாதி, ரிச்சர்ட் டேவிட்சன், பால் ரோசின் ஆகியோர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நாட்டிய சாத்திர மரபிலிருந்து எடுத்த பத்து உணர்வுகளின் வெளிப்பாடுகளைக் காணொளிகளாக்கி, ஒடிசாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். லஜ்ஜை என்ற நாணமும் அவற்றில் ஒன்று. இரு நாட்டு மாணவர்களும் பெரும்பாலானவற்றைத் தற்செயலாகப் பொருந்துவதைவிட மிக அதிகமாகவே அடையாளம் கண்டார்கள். ஆகவே முகம் என்பது ஊருக்கு ஊர் முற்றிலும் வேறான மொழி என்று வாதிடவும் இடமில்லை. ஹிலரி எல்ஃபன்பைன், நளினி அம்பாடி இருவரும் பல ஆய்வுகளைத் திரட்டி 2002இல் சொன்னது நடுவழியில் நிற்கிறது: அடிப்படையில் எல்லாருக்கும் எல்லா முகமும் ஓரளவு புரிகிறது, தம் பண்பாட்டைச் சேர்ந்தவர் முகம் கூடுதலாகப் புரிகிறது. நெல்லைத் தமிழும் கொங்குத் தமிழும் போல இதையும் வட்டார வழக்கு என்றே கொள்ளலாம்.

ஆனால் நடுவழியைத் தாண்டிப் போகும் சான்றுகளும் உள்ளன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ரேச்சல் ஜாக் குழு 2009இல் காட்டியது: கிழக்காசியப் பார்வையாளர்கள் முகத்தில் கண்களையே மிகுதியாக நோக்குகிறார்கள், அதனால் மேலைநாட்டு இலக்கணப்படி 'அச்சம்' என்று குறிக்கப்பட்ட முகத்தை வியப்பு என்றும், 'அருவருப்பை'க் கோபம் என்றும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். ஜப்பானியர் குறுஞ்செய்தியில் போடும் முகக் குறிகளில் உணர்வு கண்ணில் இருப்பதும், மேலைநாட்டுக் குறிகளில் வாயில் இருப்பதும் இதற்குப் பொருந்தி வருகின்றன. பாப்புவா நியூ கினியின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் கார்லோஸ் கிரிவெல்லி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. கண்கள் விரிந்து வாய் பிளந்த முகத்தை, உலகமே அச்சம் என்று சொல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட முகத்தை, அங்குள்ள இளைஞர்கள் சினத்தின் முகமாக, அடுத்தவரை மிரட்டும் முகமாகக் கண்டார்கள். எக்மன் போன அதே நாட்டில் கிடைத்த விடை இது. கேள்வி கேட்ட முறை வேறு என்பது ஒரு பெரிய காரணம்: கதையும் சொல்லி, இரண்டு மூன்று படங்களையும் நீட்டி, ஒன்றை எடு என்றால் விடை தானே ஒரு பக்கம் சாயும். நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் மரியா ஜென்ட்ரானும் குழுவினரும் படங்களை மட்டும் கொடுத்து விருப்பப்படி குவியலாகப் பிரிக்கச் சொன்னபோது, மேலைநாட்டார் எதிர்பார்த்த ஆறு குவியல்கள் வரவில்லை என்பது 2014இல் வெளியானது.

இவற்றையெல்லாம் மொத்தமாக எடைபோட லிசா ஃபெல்ட்மன் பாரட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள், தமக்குள் வேறு வேறு கருத்துடையவர்கள், ஒன்றாக உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் படித்து 2019இல் ஒரு நீண்ட அறிக்கை எழுதினார்கள். கோபம் வந்தவர்கள் புருவம் நெரிப்பது ஏறத்தாழ 30 விழுக்காடு சமயங்களில்தான். கோபம் இல்லாதபோதும், உன்னிப்பாகக் கவனிக்கும்போதும் கூட, மனிதர்கள் புருவம் நெரிக்கிறார்கள் என்பது அதன் சாரங்களில் ஒன்று. எங்கள் மாணவியின் தேய்மானப் பதிலைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. ஆக, பண்பாட்டு வேறுபாடு என்பது சிக்கலின் ஒரு பாதி. ஒரே பண்பாட்டுக்குள்ளும், ஒரே ஆளிடமும், ஒரே அசைவு வேளைக்கொரு பொருள் தருகிறது என்பது மறுபாதி. இந்தியத் தரவை அள்ளிப்போட்டு மென்பொருளை மறுபடி பயிற்றினால் முதல் பாதி குறையலாம். இரண்டாவது பாதி அப்படியே இருக்கும்.

கண் தொடர்புக் கட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியவர் முன் கண்ணைத் தாழ்த்துவதை மரியாதையாகப் பழகிய பிள்ளைகளுக்கு இதில் மதிப்பெண் குறைவது ஒருபுறமிருக்க, லேப்டாப்பின் கேமரா திரைக்கு மேலே இருப்பதால், கேள்வியை ஒழுங்காகப் படிக்கும் எவரும் கீழே பார்ப்பதாகவே பதிவாகிறது. லேப்டாப்பை நான்கு தடித்த புத்தகங்களின் மேல் தூக்கிவைத்தவுடன் எல்லாருக்கும் மதிப்பெண் கூடிவிட்டது. 'ஆமாம்' என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் முகம் சட்டத்தைவிட்டு நழுவி 'கவனச் சிதறல்' என்று குறிக்கப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையாட்டாமல் தமிழ் பேசுவது எப்படி என்று எனக்கே இன்னும் கைவரவில்லை. மாலை நேரத்தில் ஒற்றை ட்யூப்லைட் வெளிச்சத்தில், கறுத்த நிறமுடைய மாணவர்களின் முகங்களில் சோகமும் கோபமும் மிகுதியாகப் பதிவாவதுபோல் எனக்குத் தோன்றியது. நிரூபிக்கும் அளவுக்கு நான் எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் லாரன் ரூ என்ற ஆய்வாளர் கூடைப்பந்து வீரர்களின் படங்களை இரண்டு பெரிய நிறுவனங்களின் முகமறி சேவைகளில் கொடுத்துப் பார்த்து, கறுப்பின வீரர்களுக்கு எதிர்மறை உணர்வுகள் கூடுதலாகப் போடப்படுவதை 2018இல் வெளியிட்டார் என்பதால், என் ஐயம் முற்றிலும் ஆதாரமற்றது என்று ஒதுக்கவும் மனமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தீங்கு ஆண்டின் நடுப்பகுதியில்தான் கண்ணில் பட்டது. மாணவர்கள் புத்திசாலிகள், மார்க் எங்கிருந்து வருகிறது என்று இரண்டே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பதில் என்னவாக இருந்தாலும் முதல் நொடி முதல் கடைசி நொடி வரை உதட்டோரத்தை மேலே இழுத்துப் பிடித்தால் போதும், மதிப்பெண் 80ஐத் தாண்டிவிடும். ஆய்வகத்தின் பின்வரிசையில் நின்று பார்த்தால், இருபது பேர் இருபது திரைகளைப் பார்த்து ஒரே மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். டிசம்பர் மாதம் வளாக நேர்காணலுக்கு வந்த ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் மேலாளர், தேர்வு முடிந்து தேநீர் குடிக்கும்போது என்னிடம் கேட்டார்: "சார், தப்பா எடுத்துக்காதீங்க, கடன் வசூல் பத்திக் கேட்டாலும் உங்க பிள்ளைங்க ஏன் சிரிச்சிக்கிட்டே இருக்காங்க?" அவர் கேட்டதில் வியப்பில்லை. குபா கிரிஸ் என்ற போலந்து நாட்டு ஆய்வாளரும் குழுவினரும் 44 பண்பாடுகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிரிக்கும் முகத்தை அறிவுள்ள முகமாகக் காணும் நாடுகளும், ஜப்பான்போல அறிவு குறைந்த முகமாகக் காணும் நாடுகளும் இருப்பது தெரியவந்தது. எந்த ஊரின் சிரிப்பு விதியை எந்த ஊரின் மேலாளருக்காக நாங்கள் பழக்கிக்கொண்டிருந்தோம் என்று அன்று நான் என்னையே கேட்டுக்கொண்டேன்.

சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குறைகளைத் தொகுத்து, ஆறு பதிவுகளையும் மாணவர்களின் ஒப்புதலோடு இணைத்து மின்னஞ்சல் அனுப்பினேன். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்தவர் மரியாதையாகவே பேசினார். "எங்க மாடல் குளோபல் மாடல் சார், எல்லா நாட்டு முகமும் ட்ரெயின் பண்ணியிருக்கோம்" என்றார். எந்த நாட்டு முகம் எத்தனை, உணர்வின் பெயரைக் குறித்தவர்கள் யார் என்று கேட்டதற்கு, அது வணிக ரகசியம் என்றார். ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கும் இதே முகபாவனைக் கட்டம் உண்டா என்று கேட்டதற்குச் சற்றுத் தயங்கி, அங்கே அந்தப் பகுதி தரப்படுவதில்லை என்று ஒப்புக்கொண்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, ஊகிப்பது கடினமில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பணியிடத்திலும் கல்வி நிலையங்களிலும் ஒருவருடைய உணர்வை இப்படி இயந்திரத்தால் ஊகிப்பதை, மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்துவிட்டது. அதற்கு முன்பே மைக்ரோசாஃப்ட் தன் முகமறி சேவையிலிருந்து உணர்வை ஊகிக்கும் வசதியை விலக்கிக்கொள்வதாக 2022 ஜூனில் அறிவித்தது. காணொளி நேர்காணலில் முன்னணியில் இருக்கும் ஹயர்வியூ, விண்ணப்பதாரரின் முகத்தை ஆராய்ந்து மதிப்பிடுவதை நிறுத்திவிட்டதாக 2021 ஜனவரியில் தெரிவித்தது. நம் நாட்டில் இதற்கெனத் தனித் தடை ஏதும் இல்லை. அங்கே கடையிலிருந்து எடுத்துவிட்ட சரக்கு இங்கே ஷோகேஸில் இருக்கிறது என்பதை வாங்குபவர்கள் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

வாங்கலாமா என்றால், பதிவுக்காகவும் பேச்சுப் பகுதிக்காகவும் வாங்கலாம். ஆனால் முகபாவனைக் கட்டத்தை முதல் நாளே அணைத்துவிட வேண்டும். நிர்வாகி கணக்கில் நுழைந்து, அமைப்புகள், மதிப்பீடு, மேம்பட்ட தேர்வுகள் என்று மூன்று படி உள்ளே போனால் அதற்கான குறி இருக்கிறது. விற்க வந்தவர் இதைச் சொல்லவில்லை, நானாகத் தேடிக் கண்டுபிடித்தேன். அணைத்துவிட்டால் மொத்த மதிப்பெண் மீதமுள்ள கட்டங்களிலிருந்து கணக்காகிறது. எங்கள் மாணவியின் 41, மறு கணக்கில் 73 ஆயிற்று. அவளுடைய பதிலில் ஒரு சொல்கூட மாறவில்லை. சந்தாக் கட்டணத்தில் இதற்காக ஒரு ரூபாயும் குறைக்க மாட்டார்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இயன்றால் மாணவர்களின் பதிவுகள் எவ்வளவு காலம் அவர்களுடைய சேமிப்பில் இருக்கும், யார் பார்க்கலாம் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள். எங்கள் முதல் ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியே இல்லை.

முதல்வரிடம் நான் கொடுத்த பரிந்துரை, சந்தாவில் அடங்கும் பயனர் கணக்குகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்து, பதிவு வசதிக்காக மட்டும் ஓராண்டு நீட்டிக்கலாம் என்பதுதான், அதன்படியே செய்திருக்கிறோம். மிச்சமான தொகையில், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் வந்து மாணவர்களை எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். அரியர் வைத்த மாணவன் அவரிடமும் அதே சிரிப்பைத்தான் சிரித்தான். அவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, "அப்பா இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

புதிய அறிக்கைகளில் முகபாவனை என்ற தலைப்பும், அதன் கீழே 'தரவு இல்லை' என்ற சாம்பல் நிறக் கட்டமும் இன்னும் அப்படியே அச்சாகி வருகின்றன. தங்கள் முகத்தில் ஏதோ குறை என்று நினைத்து இரண்டு மாணவர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டார்கள். அந்தக் கட்டத்தையே நீக்கித் தர முடியுமா என்று நிறுவனத்துக்கு எழுதியிருக்கிறேன். அடுத்த பதிப்பில் பரிசீலிப்பதாகப் பதில் வந்திருக்கிறது.